இரண்டு பூச்சியம்

தமிழில் பெரிய எழுத்து இல்லை.
ஆகவே கப்ஸ் லொக் என்கிற கட்டை
மல்லாவிச் சந்தியில், என் மேசையில்,
சம்பளம் மட்டும் எடுக்கும் கந்தோர் ஆளைப்போலச்
சும்மா இருந்தது.

கரண்ட் வந்து போய் வந்த ஒரு மழைப் பின்னேரம்
அதற்கு வேலை கொடுத்தேன்.
இனி உன் பெயர் கம்போஸ்.
உன்னைத் தட்டி, ஒன்றைத் தட்டி, இரண்டைத் தட்டினால்
½ வரவேண்டும்.
வந்தது.

இங்கே காணி அரையும் காலுமாய்த்தான் வரும்.
1¾ ஏக்கர், வாய்க்காலுக்கு மேற்கே.
¼ ஏக்கர், யானை வேலிக்கு வெளியே.
முன்பு 1/2 என்று நடுவில் கோடு இழுப்பேன்.
காணிக் கந்தோர் ஐயா கோட்டைக் கவனிக்காமல்
ஒருவனை ஒரு கிழமைக்குப்
பன்னிரண்டு ஏக்கர்க்காரன் ஆக்கினார்.

என் சுருக்குகளை எழுதிவைத்த கோப்பின் பெயர்
புள்ளியில் தொடங்கும்.
பெயருக்கு முன்னால் புள்ளி இருந்தால்
லினக்ஸில் அந்தக் கோப்பு கண்ணில் படாது.
இருக்கும். படாது.
தலையில் புள்ளி வைத்தால் மெய் என்று
இரண்டாம் வகுப்பில் படித்தவளுக்கு
அது அப்போது கொஞ்சம் பகிடி.

ஒரு குறிக்கு ஒரு வரி.
நில அளவைக்காரருக்குப் பாகை °.
சிங்கள விலாசத்துக்கு ஒரு முழுச் சொல்.
ரூபாய்க்கு ௹, யாரும் கேட்டதில்லை, வடிவுக்காக.
இறந்தவர்களுக்கு †. அதற்கு டி, டி.
படிவத்தின் அடியில் அச்சிட்டிருக்கும்:
இக்குறி உள்ளவர் காலமானவர்.

பரிமளகாந்தி அம்மா ஐயன்கன்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்தார்.
வாரிசுப் பட்டியல். பிள்ளைகள் நாலு.
மூன்றாவது மயூரதன் என்று சொல்லி நிறுத்தினார்.
அந்த நிறுத்தம் எனக்குப் பழக்கம்.
விரல் தானாக டி, டி என்றது.

"சிலுவையை எடு பிள்ளை. நாங்கள் வேதக்காரர் இல்லை."

எடுத்தேன். கேள்விக்குறி போட்டேன்.
"அவனிட்டைக் கேக்க எனக்கு ஒண்டுமில்லை.
கேள்வியெல்லாம் கொண்டுபோன ஆக்களிட்டை."
நட்சத்திரம் போட்டேன்.
"அவன் என்ன ஹோட்டலோ?"
வெறுமையாய் விட்டேன்.
"விட்டால், வீட்டிலை நிக்கிறான் எண்டு வாசிப்பினம்."

அடுத்த பெயருக்குப் போகிற அவசரத்தில்
எழுத்தைத் தொடாமல் துணைக்காலை மட்டும் தொட்டுவிட்டேன்.

◌ா

உயிர்க்குறி வந்துவிட்டது, மெய்யைக் காணவில்லை
என்றால், கணினி தானே ஒரு புள்ளி வட்டம் கீறி
இடம் பிடித்து வைக்கும்.
எட்டு வருடமாய் அதைப் பிழை என்று அழித்திருக்கிறேன்.
அழிக்கப் போனேன்.

"பொறு. அது என்ன?"
"எழுத்து வர இருக்கிற இடம் அம்மா."

கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து,
திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
மழைத்தண்ணீரில் ஒரு டிராக்டர் போனது.
"காலை எடுத்துவிட்டு வட்டத்தைப் போடு."

மறைந்த கோப்பைத் திறந்து வரி ஒன்று சேர்த்தேன்:
கம்போஸ், பூச்சியம், பூச்சியம்.
மூடித் திறந்தால்தான் புது வரி பிடிக்கும்.
மூடினேன். கரண்ட் போனது.
லாப்டொப்பில் பற்றரி பதினொரு வீதம், பிரிண்டருக்கு அதுவும் இல்லை.
எதிர்க்கடையில் ரீ வாங்கிக் குடித்தோம்.
அவர் சீனி போடவில்லை.
மகனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
ஆட்டு விலை பேசினோம்.

மயூரதன் ◌

வெள்ளிக்கிழமை கந்தோரிலிருந்து போன்.
"தங்கச்சி, நீர் அனுப்பின கோப்பு
எங்கட மெசினிலை வெறும் பெட்டியாய்த் தெரியுது."
"பேப்பரில் பாருங்கோ ஐயா."
பார்த்தார் போல. பின்னால் சீல் குத்தும் சத்தம்.
"இப்படி ஒரு குறி படிவத்தில் இல்லை.
அடியில் விளக்கம் எழுதித் தாரும்."

எழுதினேன். அழித்தேன். இரண்டு முறை.
கடைசியில், அம்மாவுக்குச் சொன்னதையே.

இந்த மாதம் துணுக்காயிலிருந்து இருவர்,
பாண்டியன்குளத்திலிருந்து ஒரு தகப்பன்.
பெயரைச் சொல்லிவிட்டு, "அந்த வட்டம்" என்கிறார்கள்.
பக்கம் ஐம்பது ரூபா. கொப்பி பத்து.
பூச்சியக் கட்டையில்
வெள்ளை மை ஒரு பக்கம் உரிந்திருக்கிறது.